இடது பக்கத்து பிரஷ்

முதலில் மறைந்தது நாச்சிமுத்துவின் தலை. அப்புறம் அவருடைய வெள்ளைச் சட்டை, பக்கத்தில் கை கட்டி நின்ற, மெஷின் வாங்க வந்த நாமக்கல்காரர், அவர்களுக்குப் பின்னால் சுவிட்சுப் பலகை, அதற்கு மேல் மாட்டியிருந்த மருதமலை முருகன் காலண்டர், எல்லாவற்றையும் ரோஸ் நிற நுரை வழிந்து வந்து மூடிக்கொண்டது. நுரைக்கு எதற்கு ரோஸ் நிறம் என்று சோப்பு விற்க வந்தவனிடம் ஒருமுறை கேட்டேன். கலர் இருந்தால்தான் சார் கழுவிய மாதிரி இருக்கும் என்றான். உண்மைதான் போலிருக்கிறது, காருக்குள் இப்போது வெளிச்சம் ரோஸாக இருக்கிறது, என் கை ரோஸாக இருக்கிறது, இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவி கஸ்தூரியின் மூக்குத்தி ரோஸாக இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கு ஒரு இனிப்புக் கடைப் பெட்டிக்குள் இரண்டு பேரை வைத்து மூடியதுபோல இருக்கிறது. எங்கள் கம்பெனியில் இது ஒரு வழக்கம். கார் கழுவும் மெஷினுக்குப் புதிதாக ஒரு பிரஷ் வரைந்தால், முதல் கழுவல் வரைந்தவனின் சொந்தக் காருக்குத்தான். அவன் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் தனியாக அல்ல, சம்சாரத்தோடு. "சமைச்சவன் மொதல்ல திங்கோணும். பொண்டாட்டி பக்கத்துல இருந்தாத்தான் நல்லாருக்குன்னு பொய் சொல்ல மாட்டான்" என்பது முதலாளி நாச்சிமுத்துவின் கட்சி. உள்ளிருப்பவன் ஒருமுறை ஹாரன் அடித்தால் நிறுத்து என்று பொருள். இருபத்திரண்டு வருடத்தில் நான் வரைந்த மூன்றாவது பிரஷ் இது. முதல் இரண்டுக்கும் ஹாரன் அடித்ததில்லை. இன்றைக்கும் அடிக்கக் கூடாது. நாளைக் காலையில் லாரி வருகிறது, நாமக்கல்லில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் தளம் போட்டுக் காத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாக இருக்கும், சனிக்கிழமை நானே கேட்டேனே. கேட்டேனா?

வளைவு நகரத் தொடங்கியது. எங்கள் மெஷினில் கார் நகராது. கார் நிற்கும், தண்டவாளத்தின் மேல் ஒரு இரும்பு வளைவுதான் முன்னும் பின்னும் போய் வரும், வளைவின் மேலே படுத்தபடி ஒரு பிரஷ், இரண்டு பக்கமும் நின்றபடி இரண்டு. இது எனக்குத் தெரியாதா, தண்டவாளத்துக்கு அளவு கொடுத்தவனே நான்தான். இருந்தும் நுரைக்குப் பின்னாலிருந்து அந்த நீல நிழல் நெருங்கும்போது கார் கிளம்பிவிட்டது என்றுதான் உடம்பு சொல்கிறது. கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. கஸ்தூரி சிரித்தாள். சிரித்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நானும் சிரித்து வைத்தேன். நிற்கிற வண்டிக்கு பிரேக் போடுகிறவன் ஹாரன் அடித்து மெஷினை நிறுத்தப் போகிறானாக்கும். நீலம் வந்து கண்ணாடியைத் தொட்டதும் ரோஸ் கிழிந்தது, பட்டைகள் விரிந்து விரிந்து புரண்டன, அவற்றின் நடுவே தண்ணீர், தண்ணீருக்குள் வெளிச்சம். பகலில் போர்வையை இழுத்து மூடி உள்ளே கண்ணைத் திறந்து கிடந்தால் வரும் வெளிச்சம். பிரஷ் ஒரு விசித்திரமான பிறவி. நிற்கும்போது அது ஒன்றுமே இல்லை, மழையில் நனைந்து கொடியில் தொங்கும் துணிதான். சுற்றினால்தான் அதற்கு உடம்பு வருகிறது, சின்னப் பெண் பாவாடையைச் சுற்றி விரிப்பதுபோல விரிந்து ஒரு மீட்டர் அகலத்துக்கு உருண்டு திரண்டு நிற்கும். நான் வரைவது அந்த உடம்பை. காகிதத்தில் அதற்கு ஓரம் கிடையாது, நிற்கிற கோடுகளால் சுற்றுகிற ஒன்றை வரைய வேண்டும். எவ்வளவு நீளப் பட்டை, எவ்வளவு வேகம், நனைந்தால் எவ்வளவு கனக்கும், கார்க் கதவில் எத்தனை விரற்கடை படிய வேண்டும். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வரைந்தால் நம் ஊருக்கு ஆகாது. நம் காரில் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கும், ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் பொங்கல் வரைக்கும் காய்ந்து ஒட்டியிருக்கும், பின்கண்ணாடியில் குழந்தை பெயர், கூரையில் பழனிக்குப் போய் வந்த மாலை நாரில் பாதி. இத்தனையிலும் அழுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பக்தியை விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த முறை மயிருக்குப் பதில் ஃபோம் பட்டை. மெத்தென்று இருக்கும், கீறாது, சத்தமும் மென்மை. சத்தம் மென்மை என்று விளம்பரத் தாளில் நானே எழுதிக் கொடுத்தேன்.

பிரஷ்ஷுக்கு நடுவில் ஆளைவிட உயரமாக ஒரு தண்டு, அதைச் சுற்றிலும் நெடுகக் காடி என்னும் பள்ளங்கள். அதில் வளையம் வளையமாகக் கோத்து ஏற்றுவோம், வளையத்தைச் சுற்றிலும் பட்டைகள். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒரு பட்டை அகலத்துக்கு இடைவெளி விழும், அதைத் தவிர்க்க முடியாது. அதனால் ஒரு வளையத்தின் இடைவெளிக்கு நேர் மேலே அடுத்ததின் இடைவெளி வரக் கூடாது. ஒரு காடி தள்ளி அடுத்தது, அதற்கும் ஒரு காடி தள்ளி அதற்கடுத்தது, மாடிப்படி சுற்றிக்கொண்டு ஏறுவதுபோல. மறந்துபோய் நேராகக் கோத்துவிட்டால் மேலிருந்து கீழ் வரை தலையில் வகிடு எடுத்தமாதிரி ஒரே வெற்றிடம். அந்த வகிடு சுற்றி வரும்போதெல்லாம் அடி விட்டு விழும், வினாடிக்கு இரண்டு தடவை. ஒரு மாதத்தில் பக்கக் கண்ணாடிகளின் கழுத்து ஆட்டம் கண்டுவிடும், அடுத்த மாதம் யாருடைய கண்ணாடியாவது கையோடு வரும். பிரஷ் நின்றிருக்கும்போது பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, பட்டைகள் தொங்கி வகிட்டை மூடிவிடும். காதுதான் சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு பிரஷ்ஷையும் ஒரு தகரப் பலகைக்கு எதிரே சுற்ற விடுவார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். நல்ல பிரஷ் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பெய்வதுபோல ஒரே சீராக இருக்கும். வகிடு விழுந்திருந்தால் மழைக்குள் யாரோ நடக்கிற மாதிரி தட்டும். அதிர்வை அளக்க மீட்டர் விற்கிறார்கள். நாச்சிமுத்து வாங்கவில்லை, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வெள்ளியங்கிரி காதுதானுங்க மீட்டரு" என்று என் முதுகில் தட்டுவார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சனிக்கிழமையும் தட்டினார், கண்ணை மூடினேன், வலப்பக்க பிரஷ் மழையாகக் கேட்டது, மேல் பிரஷ் மழையாகக் கேட்டது, இடப்பக்க பிரஷ்ஷும் மழையாகத்தான் கேட்டது. ஆனால் இப்போதெல்லாம் எனக்கு எதைக் கேட்டாலும் மழைதான். மிக்சி மழை, டவுன் பஸ் மழை, கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் பேசினால் அதுவும் மழை. ஒரு கண்ணை மட்டும் கொஞ்சமாகத் திறந்து நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கே திருப்தி என்றால் பிரஷ் தட்டவில்லை என்று முடிவு கட்டித் தலையாட்டிவிட்டேன். பிறகு பார்த்தால் அவர் கையில் போன், போனில் பேத்தி மொட்டை அடித்துக்கொண்ட படம்.

வளைவு காரின் பின்பக்கம் போய்விட்டது. கண்ணாடியில் தண்ணீர் ஓடியபடி இருந்தது, தண்ணீருக்கு அப்பால் நாச்சிமுத்து நெளிந்தார், கரைந்தார், திரும்ப வந்தார். எவ்வளவு அமைதியாக இருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இது பெரிய இரைச்சல் என்பார்கள், எனக்கு இதுவே உலகத்தில் மிச்சமிருக்கும் நல்ல இடம்போல இருக்கிறது. இங்கே யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லோரும் என்னைப்போலத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மார்கழியில் சளி பிடித்தது, ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது காதில் பஞ்சு அடைத்தமாதிரி இருந்தது. பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி விட்டுக்கொண்டேன். நாளைக்குத் திறந்துகொள்ளும் என்று ஒரு மாதம் விட்டுக்கொண்டேன். அப்புறம் காந்திபுரத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு, மூன்று நாளைக்குள் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அந்த மூன்று நாளையும் நான் பூண்டுக்குக் கொடுத்துவிட்டேன். வலது காதும் பாதிக்குத்தான் கேட்கிறது, அது வயசுக்கு முன்பே வந்த வயசு என்றார். கிட்டே வந்து பேசினால் கேட்கும், இரைச்சலில் ஒன்றும் பிரியாது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் குறும்பி என்றேன், எடுத்தாயிற்று என்றேன். ஒரு டிசைனருக்குக் காது எதற்கு என்று உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், எங்கள் ஷெட்டில் கேட்க முடியாது. காது போன மீட்டரை யார் வைத்துக்கொள்வார்கள், பழைய இரும்போடு போகும். ஐம்பத்திரண்டு வயதில் எங்கே போய் நான் சுற்றுகிற பாவாடையை வரைகிறேன் என்று சொல்லி வேலை கேட்பது. பயம் என்றால் சும்மா பயம் இல்லை, சோறு இறங்காத பயம். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பழகினேன், அதிலும் கெட்டிக்காரனாகிவிட்டேன். மேசையில் எப்போதும் இடது ஓர நாற்காலி, எல்லோரும் வலப்பக்கம் வந்துவிடுவார்கள். தெருவில் போனால் இடது ஓரம். யாராவது பேச ஆரம்பித்தால் உதட்டைப் பார்ப்பது, பாதி புரிந்தால் முந்திக்கொண்டு நானே பேசிவிடுவது. கார் மட்டும்தான் காலை வாரியது. வெள்ளைக்காரன் ஸ்டியரிங்கை வலது பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டான், கஸ்தூரி எந்தப் பக்கம் உட்காருவாள்? போன வருடம் பொள்ளாச்சிக்குப் போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ரோட்டைப் பார்ப்பதா உதட்டைப் பார்ப்பதா, கால் நிமிஷத்துக்கு ஒரு ம் போட்டேன், சரி என்றேன், போலாம் என்றேன். கிணத்துக்கடவு தாண்டி ஒரு இடத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. தூசியா, கண்ணாடிய ஏத்திக்க என்றேன். ஏற்றிக்கொண்டாள். அந்தத் தோள் குலுங்கியதை ஏனோ அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், இன்னதென்று கேட்கத் தைரியம் வரவில்லை, கேட்டால் பதில் சொல்வாள், பதில் இடது பக்கமிருந்து வரும்.

வளைவு பின்னாலிருந்து திரும்பியது. இந்த முறை பக்கத்து பிரஷ்கள் இரண்டும் காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரும், அதுதான் முக்கியமான சுற்று. பின்கதவுகள் இருண்டன, நீலம் மெல்ல முன்னால் ஏறி வந்து என் பக்கத்துக் கண்ணாடியையும் கஸ்தூரி பக்கத்துக் கண்ணாடியையும் ஒரே நேரத்தில் மூடியது. ரோஸும் நீலமும் கலந்து உள்ளே கத்தரிப்பூ நிறம். மழை, எல்லாப் பக்கமும் மழை. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் என்ன, வளைவு வெளியே போகாமல், நாச்சிமுத்து முகம் தெளியாமல், நாமக்கல்லும் இல்லாமல், இரண்டு பேரும் இப்படியே உட்கார்ந்து நரைத்துப்போனால் யாருக்கு நஷ்டம். தூக்கம் வருவதுபோல இருந்தது. கஸ்தூரியின் உதடு அசைந்தது. கத்தரிப்பூ வெளிச்சத்தில் உதடு படிக்க வராது, "ம், நல்லாருக்குல்ல" என்றேன். அவள் திரும்பிக்கொள்ளவில்லை. கியர் மேல் கிடந்த என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் பட்டப்பகலில், வெளியே முதலாளி நிற்கும்போது இவளுக்கு என்ன வந்தது என்று கூச்சமாகிவிட்டது. விரலால் என் மணிக்கட்டில் தட்டினாள். பிளவுஸ் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரல். தட்டினாள், தட்டினாள், நிறுத்தவே இல்லை, கொஞ்சல் இப்படிச் சீராக இருக்காதே என்று எனக்கு உறைக்க ஆரம்பித்தபோது சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்து, என்னைத் தாண்டி, என் மார்பின் மேல் சாய்ந்தபடி என் வலது காதுக்கு வந்தாள். தேங்காயெண்ணெயும் தையல் சாக்பீஸும் கலந்த வாசனை.

"ஏனுங்க, பிரஷ்ஷு தட்டுது. எம்பக்கத்து பிரஷ்ஷு. இந்தா, உங்க கையில தட்டறனே, இதே மாதிரி."

தட்டாது என்றேன். சனிக்கிழமை நானே கேட்டேன் என்றேன். என்ன கேட்டேன், மழையைக் கேட்டேன்.

"தட்டுதுங்க. தையல் மிசின்ல ஒரு பல்லு தேஞ்சா தையலு உட்டு உட்டு உளுகுமே, அந்த மாதிரி. நான் அந்தச் சத்தத்துலயே கெடக்கறவ, எனக்குத் தெரியாதா?"

கையை நீட்டி அவள் பக்கத்துக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. முதலில் ஒன்றுமில்லை, ஒரு நடுக்கம் மட்டும். அப்புறம் நடுக்கத்துக்குள்ளிருந்து அது வந்தது, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. என் மணிக்கட்டில் அவள் விரல், என் உள்ளங்கையில் என் பிரஷ், இரண்டும் சேர்ந்து விழுந்தன. எந்தக் காதும் தேவையில்லாமல் உள்ளே இறங்கியது. மேலிருந்து கீழ் வரை ஒரே வகிடு, வளையத்துக்கு வளையம் நேர் கோடு, இதைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்று தலையாட்டிப் பாஸ் பண்ணினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், ஊதியவனும் நான், செவிடனும் நான். முகம் காந்தியது.

"நீ எதுக்கு இந்தப் பக்கம் வந்து சொல்ற?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் சொன்னாக் கேக்குமாக்கும்?"

அவள் முகம் என் முகத்துக்கு நாலு விரற்கடையில் இருந்தது. சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எப்பிருந்து தெரியும்?"

"பொள்ளாச்சிக்குப் போனமே, அன்னிக்கு. நானும் பேசிப் பேசிப் பாத்தன், ம், ம்னுட்டே வந்தீங்க. கடைசியில, இனி உங்களோட குடும்பம் நடத்த எனக்கு ஆகாது, எங்கம்மா ஊட்டுக்கே போயர்றன்னு சொன்னன். ம், போலாம்னீங்க."

கிணத்துக்கடவு ரோடு கண்ணுக்குள் ஓடியது. புளியமரமில்லாத வெயில், அந்தத் தோள்.

"அழுதியா?"

"மொதல்ல அழுதன். தூசியான்னு கேட்டீங்க பாருங்க, அப்பறம் சிரிப்பு வந்துருச்சு. கட்டில்ல நான் எதுக்கு எடம் மாறிப் படுக்கறன்னு நெனச்சீங்க? காத்து வருதுன்னா?"

காற்று வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஃபேனுக்கு நேர் கீழே வலது பக்கம்தான் என்று அவளே சொன்னாள், நம்பினேன். இரண்டு வருடம் நான் அவளிடமிருந்து மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் என் பூசணிக்காயின் மேல் இன்னும் கொஞ்சம் சோறு அள்ளிப் போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதே கேள்வி அவளிடமும் இருந்தது, அவள் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே ரொம்ப நாளைக்கு அப்புறம் யாரோ என் கையிலிருந்து ஒரு சுமையை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது, கண்ணில் நீர் முட்டியது. நீலம் முன்கதவைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னும் நாலடி போனால் கண்ணாடி தெளிந்துவிடும், காற்று அடித்து உலர்த்தும், நான் இறங்குவேன், நாச்சிமுத்து புருவத்தைத் தூக்குவார், நான் தலையாட்ட வேண்டும். ஆட்டிவிடலாம். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் இடது பிரஷ்ஷைக் கழற்றி வளையங்களை ஒரு காடி ஒரு காடியாகத் தள்ளிக் கோத்துவிடலாம், இரண்டு மணி நேர வேலை, யாருக்கும் தெரியாது. உள்ளங்கை இருக்கிறதே, இனி கையை வைத்தே கேட்டுக்கொள்ளலாம், காதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள். மனசு எவ்வளவு சீக்கிரம் அடுத்த பூசணிக்காயைத் தேடுகிறது. அடுத்த பிரஷ்ஷுக்கு? அதற்கடுத்ததுக்கு? ஒருநாள் கை சொல்லாமல் போய், எங்கோ ஒரு பங்கில் பக்கக் கண்ணாடி பிய்ந்து ஒரு குழந்தையின் மேல் விழுந்தால் அன்றைக்கும் ம், போலாம் என்பேனா? கஸ்தூரி என் மார்பிலிருந்து எழுந்து தன் இடத்துக்குப் போய் சேலையைச் சரிசெய்துகொண்டாள். தட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். என் கையை மறுபடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வலது கையால் ஹாரனை அழுத்தினேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, ஸ்டியரிங் நடுங்கியது. இன்னொரு முறை அழுத்தினேன். நீலம் தயங்கியது, மெதுவாகச் சுற்றியது, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, பிரஷ் உடம்பை விட்டுவிட்டு நனைந்த துணியாகக் கண்ணாடியில் தொங்கியது. அவற்றை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு நாச்சிமுத்து வந்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே நாமக்கல்காரர். வந்தவர்கள் கஸ்தூரி பக்கம் வந்தார்கள். அவள் கண்ணாடியை இறக்கினாள், அவள் தோளில் தண்ணீர் சொட்டியது. நாச்சிமுத்துவின் வாய் அசைந்தது, புருவம் ஏறியது, மறுபடி அசைந்தது. கஸ்தூரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். ஒரு வருடமாக மூடியவள், இன்றைக்கும் மூடத் தயாராக இருக்கிறாள், கை தெரியாமப் பட்டுருச்சுங்க என்று அவள் சொல்லப் போவது அந்தக் கழுத்து திரும்பிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையை அழுத்திப் பிடித்தேன். அப்படியே அவளைத் தாண்டிக் குனிந்து, சத்தம் எவ்வளவு வருகிறது என்று தெரியாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மொதலாளி, சுத்தி எம்பக்கமா வாங்க. அந்தக் காது எனக்குக் கேக்காதுங்க."